கஞ்சாவைக் குறைக்க இணையவழிச் சிகிச்சை: திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும்

காரைக்குடியில் ஒரு மனநல மருத்துவரிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், நம் முறை வருவதற்குள் தெரிந்த முகம் ஒன்றாவது உள்ளே வந்துவிடும். "தம்பி, நீ இன்னார் மகன்தானே, இங்கே என்ன?" என்று கேட்பவர் அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் அன்று மாலைக்குள் செய்தி கோட்டையூருக்கும் பள்ளத்தூருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தூக்கம் வரவில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். கஞ்சாப் பழக்கத்தைக் குறைக்க வந்தேன் என்று சொல்ல முடியுமா? பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு, தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். உதவி தேவைப்படுகிறவர் டோக்கன் வாங்காமலே திரும்பிவிடுகிறார். அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே வருவதில்லை.

இந்தத் தயக்கத்தைத் தாண்ட இணையவழிச் சிகிச்சை நல்ல வழி என்று உறுதியாக நம்புகிறேன். அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் போதும் என்று நினைத்துத் தொடங்குகிறவர்களில் பலர் சில நாட்களில் விட்டுவிடுகிறார்கள்; "எனக்கு எதுவும் உதவாது" என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு பழக்கத்தைவிட ஆபத்தானது. திரைக்கு அந்தப் பக்கம் வாரம் தவறாமல் பேச ஒரு மனிதர் இருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நிம்மதியாகப் பேச ஓர் இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் காரைக்குடியில் இருந்துகொண்டே நல்ல சிகிச்சை பெற முடியும்.

நாடு முழுவதும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் போதைப் பழக்கச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அதற்கு முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் என ஏதோ ஒரு வடிவில் இதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். அவர்களில் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் சுமார் 72 லட்சம் பேர். ஒரு முறை புகைத்தவர் எல்லோரும் அடிமையாகிவிடுவதில்லை. அமெரிக்க ஆய்வு ஒன்றின் பழைய, இன்றும் எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது பயன்படுத்தியவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் சார்ந்திருக்கும் நிலைக்குப் போகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கியவர்களிடம் அது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது. காரைக்குடி போலக் கல்லூரிகள் நிறைந்த, வெளியூர்ப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கும் ஊருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

அதிகப் பயன்பாடு என்பதை எடை போட்டுச் சொல்ல முடியாது. நாளின் முதல் புகை எத்தனை மணிக்கு என்பது நல்ல அறிகுறி. இரவு நண்பர்களோடு என்று தொடங்கியது, தனியாக என்றாகி, பிறகு வேலைக்குக் கிளம்பும் முன் என்றாகிவிட்டால் பழக்கம் ஆளைப் பிடித்துவிட்டது என்று பொருள். குறைக்க நினைத்து முடியாமல் போவது, முன்பு போதுமான அளவு இப்போது போதாமல் போவது, அது கிடைக்காத ஊரில் உறவினர் கல்யாணம் என்றால் போகாமல் இருக்கக் காரணம் தேடுவது ஆகியவையும் அதே திசையைக் காட்டுகின்றன. மருத்துவர்கள் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8ஐத் தொட்டால் எச்சரிக்கை, 12ஐத் தொட்டால் முறையான மதிப்பீடு தேவை. இணையவழிச் சிகிச்சை பெரும்பாலும் இதுபோன்ற ஒரு பட்டியலில்தான் தொடங்கும்.

நிறுத்தும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும் தன்மை உடையது. மூளையில் அது போய்ப் பொருந்தும் ஏற்பிகள், தினமும் அதிகமாக வந்து குவியும்போது தங்கள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன. முழுமையாக நிறுத்திய பிறகு அவை பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் நான்கு வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எரிச்சல், தூக்கமின்மை, விசித்திரமான தெளிவான கனவுகள், பசியின்மை, வியர்வை, தலைவலி எல்லாம் வரலாம். முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, இரண்டு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம் மட்டும் சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் தொல்லை கொடுக்கும். "கஞ்சா மூலிகைதானே, அதற்கு விடுபடும் தொல்லை எல்லாம் கிடையாது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோயறிதல் கையேடு இதைத் தனி நிலையாகவே சேர்த்துவிட்டது. ஐந்தாம் நாள் இரவு தூக்கம் வராமல் புரளும்போது, "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ" என்று பயந்து மறுபடி புகைப்பவர்கள் உண்டு. அது உடம்பு சரியாகிக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால், அந்த இரவைக் கடந்திருப்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், புகையிலை. சிகரெட்டை உதிர்த்துக் கஞ்சாவோடு கலந்து மறுபடி நிரப்பித்தான் பெரும்பாலும் புகைக்கிறார்கள். அதனால் கஞ்சாவை நிறுத்தும் அன்றே நிக்கோடினும் குறைகிறது. இரண்டு தொல்லைகள் ஒன்றாக வருகின்றன. சிலர் அதைச் சமாளிக்க நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட்டுக்குப் போய்விடுகிறார்கள். நல்ல ஆலோசகர் முதல் உரையாடலிலேயே புகையிலையைப் பற்றியும் கேட்டுவிடுவார். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கஞ்சாவைச் சார்ந்திருக்கும் நிலைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ மருத்துவர் சில நாட்களுக்கு மாத்திரை தரலாம், அவ்வளவுதான். சிகிச்சை என்பது இங்கே பேச்சுதான். இணையவழி இதற்குப் பொருந்துவதும் அதனால்தான்: ஊசி இல்லை, படுக்கை இல்லை, பேச வேண்டும், எழுத வேண்டும், அடுத்த வாரம் மறுபடி பேச வேண்டும்.

பேசியா இது போகும் என்று கேட்பவர்களுக்கு, நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களையும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்துபோகும் நகரத்தார் பாதயாத்திரைக்காக விரதம் இருப்பவர்களையும் பாருங்கள். தினமும் குடித்தவர், புகைத்தவர் 41 நாட்கள் தொடாமல் இருக்கிறார். விடுபடும் தொல்லைகளை அவர் உடம்பு அந்த நாட்களிலேயே தாண்டிவிடுகிறது. மாலை இருக்கும்வரை "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது, குடிக்கவோ புகைக்கவோ யாரும் வற்புறுத்தவில்லை, அதிகாலைக் குளியலும் பஜனையும் நாளை நிரப்பின. மாலையைக் கழற்றிய மறுநாள் அந்த மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. பலர் வழுக்குவது அந்த வாரத்தில்தான். விரதத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நிறுத்தும் திறமை அவரிடமே இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. மாலை கழற்றிய பிறகு வரும் நாட்களுக்கு என்ன செய்வது என்பதைத்தான் சிகிச்சை கற்றுத்தருகிறது.

அதில் உண்மையில் என்ன நடக்கிறது? இரண்டு முறைகள் பெரும்பாலும் ஒன்றாகக் கையாளப்படுகின்றன. முதலாவது, வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த, மாறும் விருப்பத்தை அவரவர் வாயிலிருந்தே வரவைக்கும் உரையாடல் முறை. இரண்டாவது, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்த்து மாற்றும் சி.பி.டி. முறை. அமெரிக்காவில் 450 பேரிடம் நடந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, இரண்டையும் கலந்த ஒன்பது அமர்வுச் சிகிச்சையை இரண்டே அமர்வுகள் கொண்ட சிகிச்சையோடு ஒப்பிட்டது. இரண்டு அமர்வுகளுக்கே, சிகிச்சை தொடங்காமல் காத்திருந்தவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. ஒன்பது அமர்வுகளுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்தது. நேருக்கு நேர் நடந்த ஆய்வு அது. இணையவழித் திட்டங்கள் பலவற்றின் அடிப்படையும் இதே கலவைதான்.

ஓர் அமர்வை அருகில் இருந்து பார்க்கலாம். இது ஒரு மாதிரி மட்டுமே. குறிப்பிட்ட யாரையும் பற்றியது அல்ல. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் இருபத்தாறு வயது இளைஞர். ஆலோசகர் சென்னையில் இருக்கிறார். "குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்ஜியம் முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண் சொல்லுங்கள்" என்கிறார். "நாலு இருக்கும் மேடம்" என்கிறார் இளைஞர், கொஞ்சம் கூச்சத்தோடு. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லியிருந்தால் "நாலுதானா?" என்று கேட்டிருப்பார்கள். ஆலோசகர் கேட்பது வேறு: "ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?" இளைஞர் யோசிக்கிறார். "போன மாதம் கணக்கில் இரண்டு முறை பிழை வந்துவிட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தார்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்தாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்பதில்லை" என்கிறார். மாறுவதற்கான காரணங்கள் இரண்டையும் அவரே சொல்லிவிட்டார். யாராவது அறிவுரையாகச் சொல்லியிருந்தால் இதே காரணங்களை எதிர்த்து வாதாடியிருப்பார்.

அடுத்து, குறிப்பேடு. ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதுங்கள் என்கிறார் ஆலோசகர்: எந்த நேரம், எவ்வளவு, யாரோடு, அதற்குச் சற்று முன் மனம் எப்படி இருந்தது. அடுத்த வாரம் இருவரும் அதைப் பார்க்கிறார்கள். கடை அடைத்த பிறகு ஒன்பதரை முதல் பத்தரைக்குள் எல்லா நாளும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் இல்லை. அன்று என்ன? மாமா வீட்டுக்குப் போய் அவர் மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நாள். ஆக, ஒன்பதரை மணிக்கு உடம்பு கேட்பதில்லை. அந்த நேரம்தான் கேட்கிறது. இப்படி ஒன்று காகிதத்தில் தெரிந்த பிறகு செய்ய வேண்டியவை சிறியவையாக மாறுகின்றன. வாரத்தில் இன்னும் இரண்டு நாட்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தை வேறு எதாலாவது நிரப்புவது. வீட்டில் இருப்பு வைக்காமல் இருப்பது. நாளின் முதல் புகையை ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது. வேட்கை எழும்போது அதோடு சண்டை போடாமல், அது ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டிருப்பது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் தணிந்துவிடும்.

ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் அழுத்திச் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே விட்டுவிட முடியாது. பத்து நாள் நன்றாக இருந்தவர் பதினொன்றாம் நாள் ஒரு முறை புகைத்துவிட்டால், அந்தப் புகையைவிட அதற்குப் பிறகு வரும் எண்ணம்தான் அதிகம் கெடுக்கிறது: "எல்லாம் போயிற்று, இனி என்ன." விரதம் முறிந்துவிட்டது என்று பார்க்கும் நம் பழக்கம் இந்த எண்ணத்துக்கு இன்னும் பலம் சேர்க்கிறது. குறைப்பதே இலக்கு என்று தொடங்கியவருக்கு ஒரு வழுக்கல் என்பது குறிப்பேட்டில் இன்னொரு வரி. அதிகம் புகைப்பவர் முழுதாக நிறுத்துவதே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "முழுதாக விடுவதானால் வா, இல்லையென்றால் வராதே" என்று வாசலிலேயே சொல்லிவிட்டால், வாரம் ஏழு நாள் என்பது மூன்று நாளாகக் குறைந்திருக்கக்கூடிய ஒருவரை ஏழு நாளிலேயே விட்டுவிடுகிறோம்.

இனி, இணையவழி என்பதற்கு என்ன ஆதாரம்? ஜெர்மனியில் 2004 முதல் ஒரு திட்டம் நடந்துவருகிறது. தொடக்கத்தில் ஐம்பது நாள் கால அளவோடு இருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை. ஆலோசகரோடு எழுத்து வழியாக ஒரு முதல் உரையாடல், பிறகு பங்கேற்பவர் தினமும் குறிப்பேடு எழுத வேண்டும், ஆலோசகர் வாரம் ஒரு முறை அதைப் படித்துவிட்டு அவருக்கென்றே பதில் எழுதுவார். சுவிட்சர்லாந்தில் இன்னொரு திட்டம். அதைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில் 308 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குச் சுயஉதவிப் பாடங்கள் மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதே பாடங்களோடு ஆலோசகருடன் எழுத்து உரையாடல், மூன்றாவது பிரிவு காத்திருந்தது. புகைக்கும் நாட்கள் தெளிவாகக் குறைந்தது உரையாடலும் சேர்ந்த பிரிவில்தான். ஆஸ்திரேலியாவில் 230 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, ஆலோசகரே இல்லாத ஆறு பாடங்களைச் சோதித்தது. வெறும் தகவல் படித்தவர்களைவிட அதில் சேர்ந்தவர்களிடம் பயன்பாடு குறைந்தது உண்மை. ஆனால் பலர் ஆறு பாடங்களையும் முடிக்கவில்லை.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் சித்திரம் மிதமானது. பலன் உண்டு, பெரிய பலன் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றுவிடுவது எல்லாத் திட்டங்களிலும் பெரிய குறை. காத்திருப்பதற்கு ஓர் ஆள் இருக்கும்போது நின்றுவிடுவது குறையலாம் என்றே நினைக்கிறேன். ஒருவர் என் குறிப்பேட்டைத் திங்கட்கிழமை படிப்பார் என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு எழுதத்தான் செய்வோம். தானாக வரும் செயலி நினைவூட்டலுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

செட்டிநாட்டு வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது என்பது தனிக் கேள்வி. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சுற்றுலா வருகிறவர்கள், இத்தனை பெரிய வீட்டில் தனிமைக்கா பஞ்சம் என்று நினைப்பார்கள். வசிப்பவர்களுக்குத் தெரியும். முகப்பைத் தாண்டினால் வளவு. வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாக அறைகள். அறைக் கதவு வளவில்தான் திறக்கும். முற்றத்தில் மெதுவாகப் பேசினாலும் எதிர்ப்பக்கத் தூணில் சாய்ந்திருக்கும் அப்பத்தாவுக்குக் கேட்கும். தடித்த சுவர்களுக்குள் அலைபேசிச் சிக்னல் சில அறைகளில் கிடைப்பதே இல்லை. சிக்னல் கிடைக்கும் இடம் திண்ணையாக இருக்கும், அதாவது தெரு. காரைக்குடியின் புதிய குடியிருப்புகளில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பங்களுக்கும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு.

எழுத்து வழி உரையாடலை இங்கே நான் பெரிதும் பரிந்துரைக்க இதுவே காரணம். ஜெர்மனித் திட்டமும் சுவிஸ் திட்டமும் எழுத்தில்தான் நடந்தன. முகம் பார்க்காமல், குரல் கேட்காமல். கைப்பேசியில் தட்டெழுதிக்கொண்டிருக்கும் இளைஞரை யாரும் என்னவென்று கேட்பதில்லை. முதல் உரையாடலாவது காணொலியில் நடந்தால் நல்லது, ஆலோசகர் ஆளைப் பார்த்து மதிப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு நண்பரின் கடை மாடியோ, நிறுத்திவைத்த காரோ, ஊருக்கு வெளியே தோப்போ போதும். அடுத்தடுத்தவை எழுத்தில் தொடரலாம். தமிழில் எழுதலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் யோசித்து எழுதத் தொடங்கினால் பாதி விஷயம் வெளியே வராது.

வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. அது அப்பச்சியாக (அப்பாவாக)த்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வீடுகளில் கல்யாணமாகிப் போன ஆச்சி (அக்கா)தான் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறவர். அவரிடம் கேட்க வேண்டியது ஒரே உதவி: வியாழக்கிழமை ஏழு மணி முதல் ஏழே முக்கால் வரை என்னைக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் சட்டைப் பையைச் சோதிப்பதும், கண்ணைப் பார்த்து "இன்றைக்குமா?" என்று கேட்பதும் உதவியாக இருக்காது. முதல் இரண்டு வாரங்களில் பழக்கத்தைக் குறைப்பவர் எரிந்து விழுவார். அது விடுபடும் தொல்லையின் பகுதி என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தச் சண்டைகள் பாதியாகும்.

சட்டம் பற்றிய பயமும் பலரைத் தடுக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்துவது குற்றம். சிறிய அளவு என்பது ஒரு கிலோவுக்குள். ஆலோசகரிடம் சொன்னால் காவல் நிலையத்துக்குப் போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள். ஒன்று, 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்குகிறது. சிகிச்சைத் தகவல்களை ரகசியமாகக் காக்கும் கடமையை அதன் 23ஆம் பிரிவு சிகிச்சை தருபவர் மேல் வைக்கிறது. இரண்டு, போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும்; சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். தனியார் இணையவழி ஆலோசனை அப்படி அங்கீகரிக்கப்பட்ட இடமாகத் தானாக ஆகிவிடாது. வழக்கு இருப்பவர் இதை மனதில் கொண்டு அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டு, கூடவே இணையவழியையும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஜெர்மனியைப் போலப் பெயர் சொல்லாமல் இருக்க இங்கே மருத்துவரிடம் முடியாது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒருவரையொருவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. இது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. ஆபத்தான நேரத்தில் உங்களைத் தேடிவர அவருக்கு ஒரு முகவரி வேண்டும். அதே வழிகாட்டுதல்கள் இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைக்குப் பொருந்தாது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பும் நம் ஊர்களுக்கு இது முக்கியமான தகவல். சிங்கப்பூர்ச் சட்டம், தன் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் வெளிநாட்டில் கஞ்சா புகைத்தாலும் அதைக் குற்றமாகவே பார்க்கிறது. பத்தாண்டுவரை சிறையோ 20,000 வெள்ளி அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தினமும் அதிகமாகப் புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்திய பிறகும் பல வாரங்கள் அதன் தடயம் தெரியும். விடுமுறைக்கு ஊருக்கு வந்து பழைய நண்பர்களோடு புகைத்துவிட்டு விமானம் ஏறுகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். போகத் திட்டமிடுகிறவர் டிக்கெட் போட்ட பிறகு தொடங்காமல், சில மாதங்கள் முன்பே தொடங்க வேண்டும்.

குடும்பத்துக்குத் தெரியவந்ததும் பெரும்பாலும் எழும் முதல் பேச்சு, எங்காவது மறுவாழ்வு மையத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது. அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் கஞ்சா மட்டுமே பழக்கமாக இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு உள்நோயாளியாகச் சேர்வது தேவைப்படுவதில்லை. விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஏமாற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனால், சிகிச்சை என்ற பேச்சையே அவர் அடுத்த பத்தாண்டுகளுக்குக் கேட்கமாட்டார்.

திரை போதாத நிலைகள் உண்டு. அவற்றில் தயங்கக் கூடாது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம் வலுப்பது, இல்லாத குரல்கள் கேட்பது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருவது, குடும்பத்தில் ஏற்கெனவே மனச்சிதைவு நோய் இருப்பது, மதுவோ மாத்திரையோ சேர்ந்திருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் நேரில்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றாலும் அப்படியே. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மாதக்கணக்கில் புகைத்தவர் விடாமல் வாந்தி எடுத்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்று அடங்குகிறது என்றால் அதுவும் கஞ்சாவால் வரும் ஒரு நோயாக இருக்கலாம். வயிற்று மருத்துவரிடம் பழக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் படியாக எங்கே பேசுவது என்று தெரியாதவருக்கு, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே மத்திய அரசின் 14446 என்ற எண்ணும் உண்டு. ஓர் அழைப்பே சிகிச்சை ஆகிவிடாது. ஆனால் எங்கே, யாரிடம் தொடர்வது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டித் தனியாரிடம் சேர்வதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியவை சில. பேசப்போகிறவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கழகத்தின் பதிவு எண் இருக்கும். தயங்காமல் கேளுங்கள், உண்மையானவர் கோபித்துக்கொள்ளமாட்டார். குறைப்பதை மட்டும் இலக்காக வைத்துத் தொடங்கலாமா என்று கேளுங்கள். எழுத்தில் பேசலாமா, அந்த எழுத்துகள் எங்கே, எத்தனை நாள் சேமிக்கப்படும் என்று கேளுங்கள். இந்தியத் தொலைமருத்துவத்தில் எந்தச் சூழலிலும் கஞ்சா சார்ந்த பொருளோ வேறு போதைப்பொருளோ பரிந்துரைக்க அனுமதி இல்லை. மாத்திரை அனுப்பி இதைத் தீர்த்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைசியாக, ஒவ்வொரு வாரமும் இதே ஆள்தான் என்னோடு பேசுவாரா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, நான் ஒரு வாரம் வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு "செயலி உங்களுக்கு நினைவூட்டும்" என்பது பதிலானால், வேறு இடம் பாருங்கள்.